எடை மிகுந்த எலக்ட்ரிக் கிட்டாரை நின்று வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்துவிட்டால் சேலத்து மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வு கிடையாது. கோட்டை மாரியம்மன் கோயில், அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை என ஒவ்வொரு பகுதியிலும் பண்டிகை நடக்கும். கச்சேரி என்றால் குறைந்தது மூன்று மணி நேரம். கீபோர்டு வாசிப்பவரும் டிரம்ஸ் வாசிப்பவரும் உட்கார்ந்திருக்க, கிட்டார் கலைஞர் மட்டும் நான்கு கிலோவுக்கும் அதிகமான மரத்தை ஒரே தோளில் தொங்கவிட்டபடி நின்றுகொண்டிருப்பார். இந்தத் தோள்வலியைத் தொழிலோடு வந்த துன்பமாக ஏற்றுக்கொண்டு பலர் ஆண்டுக்கணக்கில் வாசிக்கிறார்கள். அப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்பதே என் உறுதியான கருத்து. ஏனெனில் வலிக்குக் காரணம் எடை மட்டுமன்று. அந்த எடை எங்கே, எந்த உயரத்தில், எவ்வளவு நேரம் தொங்குகிறது என்பதும் அதே அளவுக்குக் காரணம்.

முதல் தவறு, தம் கிட்டாரின் எடையையே அறியாமல் இருப்பது. கிப்ஸன் நிறுவனம் 1952-இல் அறிமுகப்படுத்திய லெஸ் பால், மஹோகனி உடலும் அதன்மேல் மேப்பிள் பலகையும் கொண்டது. இவ்வகைக் கிட்டார்கள் பொதுவாக நான்கு கிலோவைத் தாண்டும், 1970-களில் செய்யப்பட்டவற்றில் சில ஐந்து கிலோவையும் தொடும். ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் பெரும்பாலும் மூன்றரைக் கிலோ அளவில் நின்றுவிடும். ஆனால் மரத்துக்கு மரம் அடர்த்தி மாறுவதால், ஒரே மாடலில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு கிட்டார்களுக்கு இடையே அரைக் கிலோ வேறுபாடுகூட இருக்கலாம். ஆகவே மாடல் பெயரை வைத்து எடையை ஊகிக்காமல், பயணப் பெட்டிகளை எடை பார்க்கும் கொக்கித் தராசில் ஒருமுறை தொங்கவிட்டுப் பார்த்துவிட வேண்டும். 45 கிலோ எடையுள்ள ஒரு பள்ளி மாணவனுக்கு நாலரைக் கிலோ கிட்டார் அவன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் நினைவில் கொள்வது நல்லது.

அடுத்தது ஸ்ட்ராப், அதாவது கிட்டாரைத் தோளில் தொங்கவிடும் பட்டை. நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கிட்டார் வாங்குபவர்கூட அதனுடன் இலவசமாகக் கிடைத்த மெல்லிய நைலான் ஸ்ட்ராப்பிலேயே அதைத் தொங்கவிடுகிறார். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்ட்ராப்புக்குப் பதிலாகப் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ளதைப் போட்டால், அதே எடை இரு மடங்கு பரப்பில் பரவி அழுத்தம் ஏறக்குறைய பாதியாகும். மெல்லிய நைலானில் இன்னொரு தொல்லையும் உண்டு. எடை தாங்காமல் அதன் விளிம்பு சுருண்டு மடிந்துவிடுவதால், ஐந்து சென்டிமீட்டர் பட்டையின் வேலையை விரல் அகலமுள்ள ஒரு மடிப்பு செய்யத் தொடங்கும். கச்சேரி முடிந்து சட்டையைக் கழற்றினால் கழுத்தை ஒட்டிச் சிவந்து பதிந்திருக்கும் கோடு அந்த மடிப்பினுடையதே. எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள, உட்புறம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப்பை நான் பரிந்துரைப்பேன்.

செயற்கை ரப்பரான நியோப்ரீனில் செய்த, மெத்தென்று நீளும் ஸ்ட்ராப்பைப் பலர் இதற்குத் தீர்வாகக் கருதுகிறார்கள். தோளில் மாட்டிய நொடியில் அது இதமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கனமான கிட்டாரில் அது நீண்டு சுருங்கி, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கிட்டாரை மேலும் கீழும் ஆட்டும். அந்த ஆட்டத்தைத் தோள் தசையே ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டியிருக்கும்.

ஸ்ட்ராப் தோளில் எங்கே அமர்கிறது என்பதைப் பலரும் பார்ப்பதில்லை. கழுத்தின் பக்கவாட்டிலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை, காறை எலும்பின் பின்புறமாக இறங்குகிறது. ஸ்ட்ராப் கழுத்தை ஒட்டி நெருங்கினால் அந்தப் பகுதி அழுந்தும். தோளின் வெளி விளிம்புக்கு நகர்ந்தாலோ, அது நழுவாமலிருக்க இடது தோளை நம்மை அறியாமலே உயர்த்திப் பிடிக்கத் தொடங்குவோம். இரண்டுக்கும் நடுவில், தசை தடித்திருக்கும் இடத்தில் அது அமர வேண்டும். மெல்லிசைக் குழுக்கள் சீருடையாக அணியும் பளபளப்பான கோட்டு இதற்கு எதிரி. வழுவழுப்பான துணியின்மேல் எந்த ஸ்ட்ராப்பும் தங்காது. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுவது அவசியம்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதும் உயரத்துக்கு வருவோம். தொடைவரை தாழ்த்தித் தொங்கவிட்ட கிட்டார் பார்வைக்குக் கம்பீரமாக இருப்பதால் இளைஞர்கள் அதை விரும்புகிறார்கள். அவ்வளவு தாழ்வில் இருக்கும் கிட்டாரின் கழுத்தைச் சுற்றிப் பிடிக்க இடது மணிக்கட்டு கூர்மையாக மடங்க வேண்டும். விரல்களை இயக்கும் தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டின் குறுகலான பாதை வழியாகவே செல்வதால், மடங்கிய நிலையில் விரல்களை அழுத்தி வாசிப்பது அந்தப் பாதையில் நெருக்கடியை உண்டாக்கும். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கட்டைகளை (ஃபிரெட்) பார்க்கத் தலை குனியும், முதுகு வளையும், வலது தோள் இறங்கும். தோளுக்கு மட்டும் இருந்த சுமை இப்படிக் கழுத்துக்கும் முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் பரவுகிறது. சரியான உயரத்தைக் கண்டறிவது எளிது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு, வசதியாக வாசிக்கும் நிலையில் கிட்டார் இருக்கும்போது ஸ்ட்ராப்பில் தொய்வில்லாதபடி நீளத்தைச் சரிசெய்து, அப்படியே எழுந்து நிற்க வேண்டும். எழுந்த பிறகும் கிட்டார் இருந்த இடத்திலேயே இருந்தால் அதுவே உங்கள் உயரம். அழகு கருதி அதிலிருந்து இரண்டு விரற்கடை தாழ்த்தினால் கெடுதல் ஒன்றுமில்லை. மார்புவரை ஏற்றிக்கொள்வதும் தவறுதான். வலது முழங்கை இடமின்றி மடங்கி, தோள் காதை நோக்கி உயரும்.

எடை குறைந்த கிட்டார் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புவோர், கிட்டாரின் சமநிலையை மறந்துவிடுகிறார்கள். 1961-இல் லெஸ் பாலின் புதிய வடிவமாக வந்து, பின்னர் எஸ்ஜி என்று பெயர் பெற்ற கிட்டார் இதற்கு நல்ல சான்று. மெல்லிய உடல் கொண்ட அது லெஸ் பாலைவிடக் கணிசமாக இலகுவானது. ஆனால் ஸ்ட்ராப்பை மாட்டும் பொத்தான், கிட்டாரின் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இருப்பதால், கையை எடுத்தவுடன் கழுத்து தரையை நோக்கிச் சாயும். சாயும் கழுத்தை இடது கை தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருப்பதால், மூன்று கிலோ கிட்டார்கூட ஒரு மணி நேரத்தில் கையைச் சோரவைத்துவிடும். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மேல்கொம்பு பன்னிரண்டாம் கட்டைவரை நீண்டு, அதன் நுனியில் பொத்தானைத் தாங்குவதால் அது இப்படிச் சாய்வதில்லை. சாயும் கிட்டாருக்கு உட்புறம் சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் பாதித் தீர்வாகும். தலைப்பகுதியில் தந்திகளை முறுக்கும் கனமான முறுக்காணிகளை இலகுவானவையாக மாற்றுவது இன்னும் கொஞ்சம் உதவும். வால் பக்கத்தில் ஈயக்கட்டிகளை ஒட்டிச் சமன்செய்யச் சிலர் முயல்கிறார்கள்; தோளுக்குச் சுமையைக் கூட்டும் அந்த வழி வேண்டாம்.

கனமான கிட்டாரின் ஸ்ட்ராப் பொத்தானைக் கவனிக்காமல் விடுவது விலையுயர்ந்த தவறு. கச்சேரிக்குக் கச்சேரி வியர்வையில் ஊறும் தோல் ஸ்ட்ராப்பின் துளை தளர்ந்து விரியும். பொத்தானைப் பிடித்திருக்கும் திருகாணியும் மரத்தைத் தின்று கழன்றுகொண்டே வரும். லெஸ் பால் வகையில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழே விழுந்தால் தலைப்பகுதிக்கு அருகே தந்திகளைத் தாங்கும் ‘நட்’ என்ற சிறு துண்டுக்குப் பின்னால் கிட்டாரின் கழுத்து முறிவது மிகச் சாதாரணம். மாதம் ஒருமுறை பொத்தானை விரலால் திருப்பிப் பார்க்க வேண்டும். அது சுழன்றால் திருகாணியைக் கழற்றி, மரப்பசை தோய்த்த பல்குத்தும் குச்சிகளைத் துளைக்குள் நெருக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, மீண்டும் முடுக்க வேண்டும். ஸ்ட்ராப் கழலாமலிருக்கப் பூட்டுப் பொத்தான்கள் கிடைக்கின்றன. அவை இல்லையென்றால் தடித்த ரப்பர் வாஷர் போதும். நனைந்த ஸ்ட்ராப்பை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தினால் தோல் வெடிக்காது.

நிற்கும் முறையிலும் பிழைகள் நேர்கின்றன. இடுப்பில் குடம் சுமப்பவர் எதிர்ப்பக்கம் சாய்வதைப் போல, ஒரு தோளில் கிட்டார் சுமப்பவரும் மறுபக்கம் சாய்ந்துகொள்கிறார். அந்தச் சாய்வு மூன்று மணி நேரம் நீடித்தால் இடுப்புக்கு மேலுள்ள தசை இறுகிவிடும். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காமல் சற்றே தளர்த்தி வைத்து, பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள மரக்கட்டை ஒன்றின்மேல் கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் கீழ்முதுகுக்கு இதமாக இருக்கும். கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல்களை உடலுக்கு நேர் முன்னே வைக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் சுமையோடு இடுப்பைத் திருப்ப நேரிடும்.

பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் பேசும்போதும், கிட்டாருக்கு வேலையில்லாத பாட்டின்போதும் அதைக் கழற்றி ஸ்டாண்டில் வைக்காமலிருப்பது வீண் பிடிவாதம். ஓர் இரவில் இப்படிக் கிடைக்கும் சிறு ஓய்வுகளைக் கூட்டினால் அரை மணி நேரத்துக்குக் குறையாது.

வீட்டில் கட்டிலில் உட்கார்ந்தே பயிற்சி செய்துவிட்டு, மேடையில் மட்டும் நிற்பவர்களுக்குத்தான் வலி அதிகம். கச்சேரிக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே தினமும் பத்து நிமிடத்தில் தொடங்கி, சிறிது சிறிதாக நின்று வாசிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். ஏற்காட்டில் கோடை விழாவுக்கோ கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சிக்கோ செல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கிட்டார்ப் பையைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு பேருந்தில் நின்று சென்றால், மேடையேறும் முன்பே தோள் களைத்துவிடும். உட்கார்ந்து, பையை முழங்கால்களுக்கு இடையே நிமிர்த்திப் பிடித்துக்கொள்வதே முறை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர் இரவின் குளிர் தசைகளை இறுக்கும் என்பதால், ஸ்ட்ராப்பை மாட்டுவதற்கு முன் தோள்களையும் கழுத்தையும் ஐந்து நிமிடம் மெதுவாகச் சுழற்றித் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

வாசித்த பிறகு தோள் தசையில் ஏற்படும் அசதி ஓரிரு நாளில் தணிந்துவிடும். விரல் மரத்துப்போதல், கையில் மின்சாரம் பாய்வது போன்ற கூச்சம், பிடியில் வலுக்குறைவு ஆகியவை நரம்பு அழுந்துவதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். இவற்றுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த கச்சேரிக்குப் போவது தவறு. நின்று வாசிப்பதை நிறுத்திவைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் எடையை இரு தோள்களுக்கும் பிரித்துத் தரும் இரட்டை ஸ்ட்ராப்பைத் தயங்காமல் பயன்படுத்தலாம். மாட்டவும் கழற்றவும் அது சற்று நேரம் எடுக்கும், அவ்வளவே.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து நான்கு ஸ்வரம் வாசித்துவிட்டுப் பணம் கட்டிவிடக் கூடாது. தம் ஸ்ட்ராப்பையும் கொக்கித் தராசையும் எடுத்துச் சென்று, கிட்டாரை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்று வாசித்து, இடையில் இடது கையை எடுத்துக் கழுத்து சாய்கிறதா என்று பார்த்து, முடிந்தால் அதே மாடலில் இன்னொன்றையும் எடை போட்டு ஒப்பிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.