பெட்டிக்குள் ஃபேன்: காற்றை உள்ளே தள்ளவா, வெளியே இழுக்கவா?

சத்துவாச்சாரியில் ஒரு மாவு மில். கேமரா பதிவாகும் டிவிஆரை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, பின்பக்கம் ஒரே ஒரு ஃபேனை வெளியே ஊதுகிற மாதிரி மாட்டியிருந்தார்கள். கத்திரி வெயிலில் அடிக்கடி அணைந்துபோகிறது என்று கூப்பிட்டார்கள். திறந்து பார்த்தால் கதவு இடுக்கு, ஒயர் நுழையும் ஓட்டை, ஸ்க்ரூ துளை என்று எங்கெல்லாம் சந்து உண்டோ அங்கெல்லாம் உள்பக்கம் கோலம் இழுத்ததுபோல வெள்ளைக் கோடு. சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கின் பற்களுக்கு நடுவிலும் மாவு அடைத்திருந்தது.

ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், அதை ஈடுகட்ட வெளிக்காற்று கிடைத்த இடுக்கில் எல்லாம் நுழையும்; தூசியும் கூடவே வரும். அத்தனை இடுக்கிலும் ஃபில்டர் வைக்க முடியுமா? உள்ளே தள்ளினால் காற்று வரும் வழி ஒன்றுதான், அங்கே ஒரு ஃபில்டர் போதும். மற்ற சந்துகளில் காற்று வெளியேதான் போகும். ஃபேனும் பெட்டிச் சூட்டில் வேகாமல் வெளிக்காற்றில் சுற்றுவதால் அதன் பேரிங் கூடுதல் காலம் உழைக்கும். அதனால் தூசி உள்ள இடம் என்றால் நான் உள்ளே தள்ளத்தான் சொல்வேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று பாருங்கள். பல ஃபேன்களில் சட்டத்தின் ஓரத்தில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும்: ஒன்று இறக்கை சுற்றும் திசை, மற்றது காற்று போகும் திசை. அம்பு இல்லையென்றால் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளைத் தேடுங்கள். வழக்கமாக அந்தப் பக்கம்தான் காற்று வெளிவரும். சந்தேகம் இருந்தால் ஃபேனை ஓடவிட்டு ஓர் ஊதுபத்தியைக் காட்டுங்கள், புகை சொல்லிவிடும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் திசை மாறும் என்று நினைக்காதீர்கள். பெட்டிகளில் போடும் 12 வோல்ட் டிசி ஃபேன் அப்படித் திரும்பிச் சுற்றாது, கெட்டுப்போகவும் கூடும். ஃபேனையே கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும்.

அடுத்து இடம். ஃபேன் கீழே, வெளியேறும் துளைகள் எதிர்ப்பக்கம் மேலே. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காற்று சூடான பாகத்தைத் தொடாமலே போய்விடும். துளைகளின் மொத்தப் பரப்பு ஃபேன் வாயை விடக் குறையக் கூடாது. வெளியே இழுக்க இன்னொரு ஃபேனும் போடுவதென்றால், அது உள்ளே தள்ளுவதை விடச் சிறியதாக இருக்கட்டும். உள்ளிருக்கும் கருவிக்கே ஃபேன் இருந்தால் அதன் திசையைப் பார்த்து, அதற்கு எதிராக ஊதாதபடி வையுங்கள்.

அப்புறம் அளவு. உள்ளிருக்கும் கருவி 100 வாட் சூடு கக்கினால், பெட்டிக்குள் சூடு வெளிக்காற்றை விட 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் பிடிக்க நிமிடத்துக்குச் சுமார் 18 கன அடி காற்று வேண்டும். ஃபேன் விவரத்தில் போட்டிருப்பது தடையே இல்லாதபோது வரும் அளவு. ஃபில்டர் வைத்தால் குறையும், அதனால் இரு மடங்காக வாங்குங்கள். அறையில் 42 டிகிரி என்றால் பெட்டிக்குள் 52. அறையின் சூட்டுக்குக் கீழே எந்த ஃபேனும் கொண்டுபோகாது. ஆகவே ஃபேன் வாய் தகரக் கூரையின் அடியிலோ, மேற்கு வெயில் அடிக்கும் சுவரை ஒட்டியோ வேண்டாம்.

மில் பெட்டியில் ஃபேனைத் திருப்பி, முன்னால் ஃபோம் ஃபில்டர் வைத்து, மேலே துளை போட்டுக் கொடுத்தேன். அங்கே மாவு அதிகம் பறப்பதால், சனிக்கிழமை மில் நின்றதும் ஃபில்டரைக் கழற்றித் தட்டச் சொல்லியிருக்கிறேன். கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈர ஃபோமில் மாவு பசையாக ஒட்டிக்கொள்ளும்.