வார்ம் வொயிட் பெயிண்ட்: முதலில் விளக்கைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கும்போதும், சிங்கப்பூரில் புது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சாவி கைக்கு வரும்போதும், சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டால் பலர் சொல்வது வார்ம் வொயிட். நல்ல தேர்வுதான். வீடு விசாலமாகத் தெரியும், கண்ணும் கூசாது. ஆனால் வார்ம் வொயிட் என்று ஒரே ஒரு நிறம் கிடையாது. ஒன்றில் மஞ்சள் கலந்திருக்கும், இன்னொன்றில் இளஞ்சிவப்பு, வேறொன்றில் பழுப்பு. கடையில் தரும் சின்ன அட்டையில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். நான்கு சுவரிலும் ஏறிய பிறகே உள்ளிருக்கும் சாயல் வெளியே வரும்.

பெரிய தவறு, பெயிண்டை முதலில் வாங்கிவிட்டு விளக்கைப் பிறகு யோசிப்பது. விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 6500 கெல்வின் டேலைட் விளக்கில் நீலம் அதிகம். அதன் கீழே மஞ்சள் சாயல் வெள்ளை வெளிறிப்போகும், சில நேரம் லேசாகப் பச்சை தட்டும். அதே சுவர் மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் விளக்கில் வெண்ணெய் நிறமாகிவிடும். ஆகவே விளக்கை முதலில் முடிவு செய்யுங்கள். 3000 என்றால் சாயல் மிகக் குறைந்த வெள்ளையே போதும், மீதியை விளக்கு பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் படிக்க வெள்ளை ஒளி வேண்டுமா? மேசைக்குத் தனி விளக்கு வையுங்கள், அதற்காகக் கூடம் முழுவதையும் டேலைட் ஆக்க வேண்டாம்.

ஜன்னலும் நிறத்தை மாற்றும். மேற்கு வெயில் விழும் அறையில் மாலையில் சுவர் நன்றாகவே மஞ்சளாகும். கீழ்மாடியில் ஜன்னலை ஒட்டி மரம் இருந்தால் இலையின் பச்சை உள்ளே எட்டிப்பார்க்கும். அதனால் பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மாலை, இரவு என்று வெவ்வேறு சுவரில் வைத்துப் பாருங்கள். பழைய சுவர்மேல் நேரடியாக ஒரு திட்டு அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள நிறம் கண்ணை ஏமாற்றும்.

அடுத்தது, பக்கத்தில் இருப்பதை மறப்பது. பளிச்சென்ற வெள்ளைக் கூரைக்குக் கீழே வார்ம் வொயிட் சுவர் அழுக்கேறியதுபோல் தெரியும். ஏர்கான் குழாயை மூடும் வெள்ளை டிரங்க்கிங் இதை இன்னும் எடுத்துக்காட்டும். கூரைக்கும் அதே நிறத்தை அடிப்பது எளிய வழி. டிரங்க்கிங்கையும் பெயிண்டரிடம் சொல்லிச் சேர்த்து அடிக்கலாம், ஆனால் பிளாஸ்டிக்கில் ஒட்டும் அண்டர்கோட் (அடிப்பூச்சு) கட்டாயம் வேண்டும். தரை சாம்பல் நிற டைல்ஸ் என்றால் மஞ்சள் சாயலைத் தவிருங்கள். நீலம் கலந்த சாம்பலுக்குப் பக்கத்தில் மஞ்சள் இன்னும் மஞ்சளாகும். கதவுக்கு எண்ணெய் பெயிண்ட் வேண்டாம், வெளிச்சம் குறைந்த இடத்தில் அது நாளடைவில் பழுப்பேறும். தண்ணீர் பெயிண்டே நல்லது.

சிங்கப்பூர் ஈரப்பதத்தில் பூஞ்சை சீக்கிரம் வரும், வெளிர் சுவரில் அது உடனே தெரியும். கழிவறைக் கூரைக்கும் சமையலறைக்கும் பூஞ்சை தடுக்கும், கழுவக்கூடிய வகையை வாங்குங்கள். பூஞ்சை இருக்கும் சுவரைச் சுத்தம் செய்து காயவிடாமல் மேலே அடித்தால் அது திரும்ப வரும். சாமி மாடத்தின் பின்சுவருக்குப் பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் ஒத்துவராது. விளக்குப் புகையும் சாம்பிராணிக் கரியும் அதில் படிந்தால் துடைக்கத் துடைக்க ஈஷிக்கொள்ளும். அங்கே ஒரு கண்ணாடித் தகடு பொருத்திவிட்டால் கவலையில்லை.

அப்புறம், பெயிண்டின் நிறக் குறியீட்டு எண்ணை எழுதி வையுங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் வெவ்வேறு நாளில் கலக்கிய டின்கள் லேசாக வேறுபடலாம். ஒரே அறைக்கு இரண்டு டின் தேவைப்பட்டால் இரண்டையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டு ஆரம்பியுங்கள். பின்னாளில் கறையை மறைக்கும்போது அந்த இடத்தை மட்டும் தொடாமல், மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் அடியுங்கள்.