தோரோங் லா கணவாய்: விடியலுக்கு முன் ஏறுவது எப்படி

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி நடக்கும் அன்னபூர்ணா சுற்றுப்பாதையின் உச்சம் 5,416 மீட்டர் உயரத் தோரோங் லா கணவாய். அக்டோபரில் போகிறீர்கள் என்றால், கணவாய்க்குக் கீழே கடைசியாகத் தங்கும் இடமான ஹை கேம்ப்பிலிருந்து அதிகாலை நாலு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், வெயில் ஏற ஏற மேலே காற்று ஆளையே தள்ளும். சூரியன் பெரும்பாலும் வழியிலேயே உதித்துவிடும். அதற்காக ஓடாதீர்கள். இருட்டில் நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பார்த்து, பேசினால் மூச்சு வாங்காத வேகத்தில் நடந்தால் போதும்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேல்பக்கம்தான் முதலில் உறையும், கீழே இருக்கும் மூடி அடைக்காது. போனை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டோடு வைத்தால் பேட்டரி தாங்கும். அப்புறம், முந்தின நாள் இரவே தலைவலி, வாந்தி இருந்தால் தயவுசெய்து ஏறவே வேண்டாம், கீழே இறங்குங்கள். வானம் மூடியிருந்தாலும் அப்படித்தான்: 2014 அக்டோபரில் இங்கே வந்த பனிப்புயலில் பலர் இறந்தார்கள்.

கணவாயைத் தாண்டினால் முக்திநாத் வரை சுமார் 1,600 மீட்டர் இறக்கம், முட்டி கதறும், கைத்தடி அவசியம். நம் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அதுதான், தரிசனத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்.