ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் கட்டத் தொடங்கும் முன்

1957இல் அறிமுகமான லோட்டஸ் செவனைப் போன்றதொரு காரை உதிரிப் பாகங்களாக வாங்கி, கோலாலம்பூரில் தம் வீட்டு முற்றத்திலேயே கட்ட விரும்புவோர், முன்பணம் செலுத்துவதற்கு முன்னரே சாலைப் போக்குவரத்துத் துறையை அணுகி, அத்தகைய வாகனத்தைப் பதிவு செய்ய இயலுமா, அதற்கு எந்தெந்த ஆவணங்கள் தேவை என்பதை எழுத்து மூலமாகக் கேட்டுப் பெற வேண்டும். பதிவு செய்ய முடியாத கார் முற்றத்து அலங்காரப் பொருள்தான். எஞ்சின், சேசிஸ் (காரின் அடிச்சட்டகம்) எண்கள் குறிக்கப்பட்ட ரசீதுகளையும் சுங்கத் தாள்களையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

பெட்டிகள் வந்ததும் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். பாகங்களைப் பட்டியலோடு ஒப்பிட்ட பின், சேசிஸின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமச்சீரான சட்டகத்தில் அவை வேறுபட்டால், அது கோணியிருக்கிறது என்று பொருள். நம் ஊர் ஈரக்காற்றில் வெற்று இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், வண்ணம் பூசாத பரப்புகளில் எண்ணெய் தடவுவது அவசியம். சக்கரங்களைச் சேசிஸோடு இணைக்கும் சஸ்பென்ஷனின் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் (torque) ஸ்பேனரால் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கி, முடித்தவற்றின்மீது வண்ணக் கோடு இடுங்கள்.