பிரித்துக் கட்டிய இன்ஜினைக் காரில் ஏற்றும் முன்

இன்ஜின் வேலை முடிந்ததும் நேரே காரில் ஏற்றிவிடத்தான் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஏற்றிய பிறகு ஏதாவது ஆயில் சீல் கசிந்தால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். காருக்கு வெளியே வைத்தே இன்ஜினை ஓட்டிப் பார்த்தால், கசிவு டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும்.

தரையில் உறுதியாக நிற்கும் இரும்புச் சட்டத்தில் இன்ஜினை போல்ட் போட்டு முடுக்குங்கள். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு ஓட்டும் வேலையே வேண்டாம். ஸ்டார்ட் ஆகும் நொடியில் இன்ஜின் ஒரு பக்கமாக உதறும்.

முக்கியமான வேலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்புதான்: ஆயில் பிரஷர் ஏற்றுவது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்து நொடி சுற்றுங்கள், ஆறவிடுங்கள், மறுபடி சுற்றுங்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டியிருந்தால் முள் எழுவது தெரியும். எழாதவரை பிளக்கைத் திரும்பப் போடாதீர்கள். எச்சரிக்கை விளக்கை நான் நம்புவதில்லை. அது அணைந்தால் ஏதோ கொஞ்சம் பிரஷர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரேடியேட்டரில் தண்ணீர், பெட்ரோல் கேன் எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். மூடிய அறையில் ஓட்டவே கூடாது.

ரோலர் இல்லாத பழைய வகை டேப்பெட்டும் (கேம் மீது உரசி வால்வைத் தள்ளும் பாகம்) புது கேம்ஷாஃப்ட்டும் (கேம்கள் உள்ள சுழல் தண்டு) என்றால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காத மெதுவான ஓட்டத்தில், விடாமல் 2000 ஆர்பிஎம்முக்குச் சற்று மேலே 20 நிமிடம் ஓட்டுங்கள். ஐடிலில் கேம் மீது தெறிக்கும் ஆயில் போதாது. அப்புறம் ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பாருங்கள். மெல்லிய மினுமினுப்பு இருந்தால் சரி. நகத்தில் தட்டுப்படும் உலோகத் துண்டு இருந்தால் ஏற்றாதீர்கள்.