வேப் கருவிக்கு மின்கலம் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண்

திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்க உதவும் மின்சிகரெட்டுகளான வேப் கருவிகளில், மின்கலம் உள்ளேயே பொதிந்து மூடப்பட்டவை, நாமே கழற்றி மாட்டிக்கொள்ளக்கூடியவை என இரண்டு வகை உண்டு. பொதிந்த வகையில் நாம் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. கழற்றி மாட்டும் வகையை வைத்திருப்பவர்கள் மின்கலம் வாங்கப் புறப்படுமுன் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 18650 போன்ற உருளை வடிவ லித்தியம் அயனி மின்கலங்கள் தனித்தனியாகச் சில்லறையில் விற்பதற்கென்று செய்யப்படுபவை அல்ல, மடிக்கணினி, கையடக்கத் துளையிடும் கருவி போன்றவற்றின் பேட்டரித் தொகுப்புகளுக்குள், பாதுகாப்புச் சுற்றோடு இணைத்துப் பொருத்துவதற்காகவே அவை செய்யப்படுகின்றன. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் தனி 18650 மின்கலங்களை வாங்கவே வேண்டாம் என்று எச்சரித்தது. ஆகவே, பொதிந்த வகையே போதும் என்று நினைப்பவர் அதோடு நின்றுகொள்வதுதான் என் கருத்தில் நல்லது. தனி மின்கலம் இல்லாமல் முடியாது என்பவருக்கு மட்டுமே இனி வருவன.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 18650 என்றால் விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், இறுதிச் சுழியம் உருளை வடிவத்தைக் குறிப்பது. 21700 அதைவிடத் தடித்தது, நீண்டது. கருவியின் கையேடு எந்த அளவைச் சொல்கிறதோ அதையே வாங்க வேண்டும். நேர்முனை தட்டையாக இருக்க வேண்டுமா, குமிழ் உள்ளதாக இருக்க வேண்டுமா என்பதையும் அதே கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் இனிமேல்தான் வருகிறது. உறையின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பது மில்லி ஆம்பியர் மணி, அதாவது மின்கலத்தின் கொள்ளளவு. நம் பாதுகாப்பைத் தீர்மானிப்பது அந்த எண் அன்று. இடைவிடாமல் எத்தனை ஆம்பியர் மின்னோட்டத்தை அந்த மின்கலம் பாதுகாப்பாக வழங்கும் என்ற எண்ணே அதைத் தீர்மானிக்கிறது. ஒரே அளவுள்ள உலோகக் குவளைக்குள் இரண்டையும் ஒருசேர உயர்த்துவது கடினம். மின்முனைத் தகடுகளில் வேதிப்பொருளைத் தடிமனாகப் பூசினால் கொள்ளளவு கூடும். ஆனால் உள்மின்தடையும் சேர்ந்து கூடுவதால், அதிக மின்னோட்டம் எடுக்கும்போது மின்கலம் சூடாகிவிடும். மெல்லிதாகப் பூசினால் மின்னோட்டம் தாராளமாகக் கிடைக்கும், கொள்ளளவு குறையும். ஒரே நிறுவனம் ஒரே 18650 அளவில் செய்யும் இரண்டு மின்கலங்களை ஒப்பிட்டாலே இது விளங்கும்: சாம்சங் 35இ 3500 மில்லி ஆம்பியர் மணி கொண்டது, ஆனால் தொடர்ந்து 8 ஆம்பியர்தான் தரும், சாம்சங் 25ஆர் 2500 மட்டுமே கொண்டது, ஆனால் 20 ஆம்பியர் தரும். முதலாவது கைவிளக்குக்கு அருமையானது. வேப் கருவியில் அதைப் போடுவது சைக்கிளில் நெல் மூட்டைகளை அடுக்குவது போன்றது.

உங்கள் கருவிக்கு எத்தனை ஆம்பியர் தேவை என்பதை ஒரு வகுத்தலில் கண்டுபிடித்துவிடலாம். மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத மெக்கானிக்கல் வகையில், முழுதும் சார்ஜ் ஆன மின்கலத்தின் 4.2 வோல்ட்டை, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலின் மின்தடையால் வகுக்க வேண்டும். 0.5 ஓம் காயில் என்றால் 8.4 ஆம்பியர்; 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர், அதாவது மேலே சொன்ன 25ஆர் மின்கலத்தின் எல்லையையே அது தாண்டிவிடுகிறது. வாட் அளவை நாமே வைத்துக்கொள்ளும் கருவியில் கணக்கு வேறு. அங்கே காயிலின் ஓம் பொருட்டன்று. வைத்த வாட் அளவை, கருவி தானாக நின்றுவிடும் தாழ்ந்த மின்னழுத்தத்தால் வகுத்து, சுற்றில் வீணாகும் ஏறத்தாழ பத்து விழுக்காட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 60 வாட்டில் ஒற்றை மின்கலத்தை வைத்து இழுத்தால், அது நிறைந்திருக்கும்போது 16 ஆம்பியர் அளவுக்கும், 3.2 வோல்ட்டுக்கு இறங்கியபோது 21 ஆம்பியர் அளவுக்கும் மின்னோட்டம் போகும். மின்கலம் களைத்துப்போன நேரத்தில்தான் அதன் மீது சுமை மிகுதி என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு மின்கலங்கள் பொருத்தும் கருவியில் ஒவ்வொன்றின் பங்கும் பாதியாகிறது. அதிக வாட் விரும்புபவர் அப்படிப்பட்ட கருவிக்கு மாறுவதே முறை.

ஆம்பியர் எண்ணிலும் ஓர் ஏமாற்று உண்டு. சில உறைகளில் 35, 40 என்று இருப்பது சில விநாடிகள் மட்டுமே தாங்கக்கூடிய உச்ச மின்னோட்டமாக இருக்கும். தயாரிப்பாளரின் தரவுத்தாளில் 'தொடர் மின்னோட்டம்' என்ற வரியைப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். தரவுத்தாளே கிடைக்காத மின்கலத்தை வாங்காமல் விட்டுவிடலாம்.

இது போலிகளைப் பற்றிய பேச்சுக்குக் கொண்டுவருகிறது. சோனியின் பேட்டரிப் பிரிவை 2017-இல் வாங்கிய முராட்டா, சாம்சங், எல்ஜி, பானசோனிக், மோலிசெல் எனப் பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் சிலரே. சந்தையில் காணப்படும் எண்ணற்ற பிற பெயர்களில் பல, வேறொருவர் செய்த மின்கலத்துக்குப் புதிய உறை மாட்டி விற்பவை. உள்ளே முதல்தரச் சரக்கும் இருக்கலாம், கழிக்கப்பட்ட சரக்கும் இருக்கலாம். 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 மின்கலம் ஒன்று ஒருமுறை என் கைக்கு வந்தது. இந்த அளவில் 3600-ஐத் தாண்டுவதே அரிது என்பதால் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நல்ல 18650 மின்கலம் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். அது 31 கிராம் காட்டியது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை, உறையின் பளபளப்பு அசலைவிடக் கூடுதலாகவே இருந்தது.

உறை என்றதும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. மின்கலத்தின் அடிப்பகுதி மட்டுமல்ல, பக்கச்சுவர் முழுவதும், மேலே நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பு வரை, எதிர்முனைதான். நேர்முனைக்கும் அந்த விளிம்புக்கும் இடையிலுள்ள தொலைவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அவற்றைப் பிரித்து வைத்திருப்பவை ஒரு மெல்லிய காகித வளையமும் தாள்போன்ற பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. கருவியின் மூடியில் உரசி அந்த விளிம்பில் நகக்கண் அளவுக்கு உறை கிழிந்தாலும் குறுக்குச் சுற்று ஏற்பட வழி பிறந்துவிடும். மின்கலம் தன்னைத்தானே சூடாக்கி, வாயுவைக் கக்கி, தீப்பற்றவும் கூடும். கிழிந்த உறையைச் சுருங்கும் பிளாஸ்டிக் உறை கொண்டு மாற்றிவிடலாம். ஆனால் குவளையில் நசுங்கலோ துருவோ தெரிந்தால் மின்கலத்தையே கைவிட வேண்டும். சட்டைப்பையில் சாவியோடும் சில்லறைக் காசோடும் மின்கலத்தைப் போட்டுக்கொள்வதுதான் விபத்துக்கு மிகக் குறுகிய வழி. பிளாஸ்டிக் பெட்டி இல்லாமல் மின்கலம் வெளியே போகக் கூடாது. விமானப் பயணத்திலும் அதைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது.

இரட்டை மின்கலக் கருவிக்கு ஒரே நாளில் வாங்கிய, ஒரே வகைச் சோடியைப் பயன்படுத்துங்கள். இரண்டையும் எப்போதும் சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே ஓய்வுகொடுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் வலுவிழந்தது முதலில் வறண்டு, மற்றது அதை மேலும் கீழே இழுத்துவிடும்.

நீண்ட நாள் உழைப்பதற்கு மூன்றே எதிரிகள்: சூடு, அளவுக்கு மீறிய நிறைவு, அளவுக்கு மீறிய வறட்சி. 4.2 வோல்ட்டில் தானாக நின்றுவிடும் தனிச் சார்ஜரை வாங்கி, 18650 மின்கலத்துக்கு ஒரு ஆம்பியர் அளவிலேயே சார்ஜ் செய்யலாம். அவசரம் இல்லாதபோது அரை ஆம்பியர் இன்னும் நல்லது. 4.1 வோல்ட்டிலேயே எடுத்துவிடும் பழக்கம் உள்ளவருக்கு ஒவ்வொரு முறையும் மின்கலம் சற்றுக் குறைவாகவே நிறைந்தாலும், மின்கலத்தின் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு நீளும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த மின்கலத்துக்கு உயிர்கொடுக்க முயல வேண்டாம். உள்ளே கரைந்த செம்பு மறுபடி சார்ஜ் செய்யும்போது படிந்து, உட்புறக் குறுக்குச் சுற்றை உண்டாக்கலாம். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவருவது, உறைநிலைக்குக் கீழான குளிரில் சார்ஜ் செய்வது இரண்டும் கேடுதான். சில வாரம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி நிறைவில், அதாவது சுமார் 3.7 வோல்ட்டில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் உறையின் மேல் மார்க்கரால் எழுதிவிடுவது என் வழக்கம். முன்பு ஒரு நாள் முழுவதும் வந்தது இப்போது மாலைக்கே தீர்ந்துபோகிறது, அல்லது சார்ஜ் செய்யும்போது கையில் சுடுகிறது என்றால் அதன் காலம் முடிந்தது. அப்போது இரண்டு முனைகளிலும் மின்கடத்தா நாடாவை ஒட்டி, குப்பைத் தொட்டியில் போடாமல், பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.