கம்பஸுக்குத் திரும்புகிறீர்களா? மாஸ்க்கை மொத்தமாக வீசிவிடாதீர்கள்

இலங்கையில் 2022 ஜூனில் கொரோனாவுக்கான மாஸ்க் கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது, சரி. ஆனாலும் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துக்கோ, பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ வெளிக்கிடும்போது பையில் இரண்டு மாஸ்க் வையுங்கள். ஏ9 வீதியில் நெரிசல் பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் இருமிக்கொண்டே வந்தால், பஸ்கள் நிறுத்தும் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடி வரும்வரை வேறு வழியில்லை. (அங்கே கச்சான் கொறிக்கக் கழற்றத்தான் போகிறீர்கள்!)

விடுதியில் ஜன்னலைத் திறந்து, நுளம்பு வலை கட்டிப் படுங்கள்.

காய்ச்சல் வந்தால் வகுப்புக்குப் போகாதீர்கள். கொரோனா என்று மட்டும் நினைக்கவும் வேண்டாம், டெங்குவாகவும் இருக்கலாம், அதனால் பரசிட்டமோல் மட்டும் அளவோடு எடுங்கள், இபுபுரூபன், அஸ்பிரின் வேண்டவே வேண்டாம், இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள்.

அப்புறம், தடுப்பூசி அட்டையைப் படமெடுத்துப் போனில் வைத்திருங்கள்.